கண்ணிவெடி நட்ட கப்பல்கள் பூப்பெயர் பெற்ற கதை

ஒரே கப்பலுக்கு மூன்று பெயர்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பாயின்ட் பிளசன்ட் என்ற ஆற்றங்கரை ஊரில் அதைக் கட்டியபோது ‘கர்னல் ஹென்றி ஜே. ஹன்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல் கெட்டிஸ்பர்க் களத்தில், வடக்குப் படையின் பீரங்கிகளை நடத்தியவர் ஹன்ட். 1945இல் கப்பல் கடற்படையின் கைக்குப் போனது. பெயர் ‘பாஸ்டியன்’ ஆயிற்று. கோட்டைக் கொத்தளம் என்று பொருள். போர் முடிந்து கடலோரக் காவல்படை அதை எடுத்துக்கொண்டபோது மூன்றாவது பெயர் வந்தது: ‘ஜோன்குவில்’. குளிர்நாட்டுத் தோட்டங்களில் வசந்தத்தில் பூக்கும் மணமுள்ள சிறிய மஞ்சள் பூ அது.

பெயரோடு வேலையும் மாறியது. துறைமுக வாசலில் கண்ணிவெடி வைக்கக் கட்டிய கப்பல், பிற்காலத்தில் அதே மாதிரி வாசல்களில் வழிகாட்டி மிதவைகளைத் தூக்கி, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி, சாயம் பூசித் திரும்ப வைத்துக்கொண்டிருந்தது. கேட்டால் பெரிய தலைகீழ் மாற்றம் போலத் தோன்றும். ஆனால் கப்பலின் மேல்தளத்தில் போய் நின்று பார்த்தால் ஏறக்குறைய எதுவுமே மாறவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். அதே பாரந்தூக்கி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் அதே வின்ச், அதே நிதானம். அது ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, கடலில் கண்ணிவெடி வைப்பது என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடல் கண்ணிவெடிகளை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, எதிரியின் வழியில் இரவோடு இரவாகப் போட்டுவிட்டு ஓடிவிடுவது. ஜெர்மனியின் ‘வொல்ஃப்’ கப்பல் முதல் உலகப் போரில் அதைத்தான் செய்தது. சரக்குக் கப்பல் வேடத்தில், 465 கண்ணிவெடிகளைச் சுமந்துகொண்டு, 1916 நவம்பர் கடைசியில் கீல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே ஒரு வரிசையைப் போட்டது. பிப்ரவரி 17ஆம் தேதி ‘வூஸ்டர்ஷயர்’ என்ற கப்பல் அதில் மோதி மூழ்கியது. சில நாட்களில் ‘பெர்சியஸ்’ மூழ்கியது. பம்பாய்க்கு வெளியேயும் அதே வேலை. வைத்தவன் ஆயிரம் மைல் தள்ளிப் போன பிறகு வெடிக்கிற வெடி இது. யார் வருகிறார் என்று அதற்குத் தெரியாது. போர்க்கப்பலோ, பயணிகள் கப்பலோ, மீன்பிடிப் படகோ, எல்லாம் ஒன்றுதான்.

இன்னொரு விதம் நம் சொந்தத் துறைமுகத்தின் வாசலில் வைப்பது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. வாசலை எதிரிக்கு அடைக்க வேண்டும், நம் கப்பல்களுக்குத் திறந்தும் வைக்க வேண்டும். அதற்காக வந்ததுதான் கரையிலிருந்து கட்டுப்படுத்தும் கண்ணிவெடி. ஒவ்வொரு வெடியிலிருந்தும் கேபிள் கரைக்கு ஓடும். கரையில் கான்கிரீட் அறைக்குள் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கப்பல் வெடியை உரசினால் அறையில் சமிக்ஞை வரும். நம்முடைய கப்பல் என்றால் பேசாமல் இருந்துவிடலாம். எதிரி என்றால் மின்சாரத்தை விட வேண்டியதுதான். இரவு நேரத்தில் அல்லது பனிமூட்டத்தில், தொட்டதும் தானாகவே வெடிக்கும்படியும் மாற்றி வைக்கலாம். தமிழில் கண்ணி என்றால் பறவை பிடிக்க வைக்கும் சுருக்கு. வேடன் பக்கத்தில் மறைந்திருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். இந்த இரண்டாவது வகைக்குத்தான் அந்தச் சொல் முழுதாகப் பொருந்துகிறது.

அமெரிக்காவில் இந்த வேலை கடற்படையிடம் இல்லை, தரைப்படையிடம் இருந்தது. துறைமுகப் பாதுகாப்பு என்பது கரையிலுள்ள கோட்டைகளின் வேலை, கோட்டைகள் தரைப்படையுடையவை, ஆகவே கோட்டைக்கு முன்னால் தண்ணீருக்குள் இருக்கும் வெடியும் தரைப்படையுடையது என்பது அவர்கள் கணக்கு. நியூயார்க்கின் வில்லெட்ஸ் பாயின்ட்டில் ஹென்றி ஆபட் என்ற பொறியாளர் அதிகாரி 1869 முதல் இதைப் பற்றி வருடக்கணக்காகச் சோதனைகள் செய்தார். பிறகு பொறுப்பு கரையோரப் பீரங்கிப்படைக்கு மாறியது. 1904 முதல் இதற்கென்றே கட்டிய கப்பல்கள் வந்தன. அவற்றை ‘மைன் பிளான்டர்’ என்று அழைத்தார்கள். வெடி போடும் கப்பல், வெடி இறக்கும் கப்பல் என்று எதுவும் சொல்லாமல், நாற்று நடுகிறவரைச் சொல்வது போல ‘நடுபவர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் அது எவ்வளவு சரியான சொல் என்று தெரியும்.

முதலில் ஒரு சிறு படகு, வெடி வைக்கப்போகும் இடத்துக்குப் போய் நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து கடலடியாக வரும் 19 இழைகள் கொண்ட தடித்த கேபிளின் முனை அந்தப் படகில் இருக்கும். ஒரு தொகுதிக்கு 19 கண்ணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒற்றை இழைக் கேபிள் ஒன்று. கப்பல் மெதுவாக, நேர்கோட்டில், படகைத் தாண்டிப் போகும். சுமார் 100 அடிக்கு ஒன்று என்று கண்ணிகளை நங்கூரத்தோடு சேர்த்துக் கடலில் விடுவார்கள். ஒவ்வொன்றின் கேபிள் முனையும் படகுக்கு வந்து சேரும். படகில் இருப்பவர்கள் 19 முனைகளையும் ஓர் இணைப்புப் பெட்டிக்குள் பொருத்தி, தண்ணீர் புகாமல் அடைத்து, பெட்டியைக் கடலடியில் இறக்குவார்கள். கரையில் ஒருவர் ஒவ்வொரு இழையாகச் சோதித்துப் பார்ப்பார். ஏழாவது கண்ணியில் பழுது என்றால் மறுபடி அந்த இடத்துக்கே போய், அந்தக் கேபிளையே பிடித்து, அந்த ஒன்றை மட்டும் தூக்கியெடுக்க வேண்டும். நீரோட்டம் இழுக்கும், காற்று தள்ளும், கொஞ்சம் பிசகினால் கேபிள் கப்பலின் உந்துவிசிறியில் சுற்றிக்கொள்ளும்.

கண்ணியை நீர்மட்டத்துக்குக் கீழே சரியான ஆழத்தில் நிறுத்துவது இன்னொரு நுட்பம். கடலடி ஓரிடத்தில் 40 அடி, பக்கத்திலேயே 55 அடி என்று மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆனால் கண்ணிகள் எல்லாம் மேல்மட்டத்திலிருந்து ஒரே ஆழத்தில், வரும் கப்பலின் அடிவயிற்றில் படும்படி நிற்க வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருந்த வழி அழகானது. கண்ணி மிதக்கும், அதன் நங்கூரம் கயிற்றை விட்டுக்கொண்டே மூழ்கும். நங்கூரத்துக்குக் கீழே ஒரு சிறு எடைக்கல் தொங்கும். கண்ணி 15 அடி ஆழத்தில் நிற்க வேண்டுமென்றால் எடைக்கல்லின் கயிறும் 15 அடி. எடைக்கல் தரையைத் தொட்டதும் அதன் கயிறு தொய்யும். தொய்ந்த உடனே நங்கூரத்திலிருக்கும் கயிற்றுருளை பூட்டிக்கொள்ளும். இனிமேல் கயிறு வராது. ஆனால் நங்கூரம் தரையைத் தொட இன்னும் 15 அடி மூழ்க வேண்டும். அந்த 15 அடிக்கும் அது மேலே மிதக்கும் கண்ணியைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். தரை எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் கண்ணி சரியாக 15 அடியில் நின்றுவிடும். அளவுகோல் தேவையில்லை, கணக்குப் போட வேண்டியதில்லை.

கடலுக்கு வெளியே இருக்கும் வேலையும் குறைவில்லை. கேபிள்களின் ரப்பர் உறை காய்ந்தால் விரிசல் விட்டுவிடும் என்பதால் கரையில் அவற்றைத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் சுருட்டி வைத்திருப்பார்கள். வெடிமருந்து ஓரிடம், வெற்றுக் கூடுகள் ஓரிடம், நிரப்பும் அறை ஓரிடம், இவற்றுக்கும் கப்பல்துறைக்கும் இடையே சின்னத் தண்டவாளம். அமைதிக் காலத்தில் வருடாவருடம் பயிற்சிக்காகக் கண்ணிகளை நட்டு, பிறகு பிடுங்கி, சுத்தம் செய்து அடுக்கி வைத்தார்கள். நடுவது பாதி வேலை, பிடுங்குவது மறுபாதி.

கப்பல் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்த வேலையே முடிவு செய்தது. வேகம் தேவையில்லை. ஆழம் குறைந்த இடத்தில் போக வேண்டும். இரண்டு உந்துவிசிறிகள் வேண்டும். அப்போதுதான் இருந்த இடத்திலேயே திரும்ப முடியும். முன்பக்கத்தில் கேபிள் ஏறி இறங்க உருளைகள், கனமான வின்ச், பாரத்தைப் பக்கவாட்டில் வெளியே நீட்டி இறக்கும் தூக்கிகள், அகன்ற தளம். எல்லாவற்றுக்கும் மேலாக, குறித்த புள்ளியில் ஒரு பாரத்தை வைத்துவிட்டு, மாதங்கள் கழித்து அதே புள்ளிக்கு வந்து எடுக்கத் தெரிந்த மாலுமிகள். இந்தப் பட்டியலில் துப்பாக்கியோ கவசமோ இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே முதல் உலகப் போர் முடிந்ததுமே இந்தக் கப்பல்களுக்கு வேறு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். அமெரிக்கக் கலங்கரை விளக்கத் துறை, கடலோர மிதவைகளையும் விளக்குகளையும் பராமரித்த துறை, போர்க்காலத்தில் கட்டிய தரைப்படைக் கண்ணிக் கப்பல்களில் சிலவற்றை வாங்கிக்கொண்டது. அந்தத் துறைக்குத் தன் கப்பல்களுக்குச் செடி, மரம், பூ இவற்றின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. அப்படித்தான் ‘கர்னல் ஆல்பர்ட் டாட்’ என்ற கப்பல் ‘லோட்டஸ்’ ஆனது, அதாவது தாமரை. 1919இல் கட்டிய ‘ஜெனரல் ஜான் பி. ஸ்டோரி’ வேலமரத்தின் இனப்பெயரான ‘அகேஷியா’ ஆனது.

அகேஷியாவின் முடிவைச் சொல்லாமல் போக மனமில்லை. 1939இல் கலங்கரை விளக்கத் துறை கடலோரக் காவல்படையோடு இணைக்கப்பட்டது. கப்பல்களும் கூடவே போயின. 1942 மார்ச் 15ஆம் தேதி அகேஷியா கரீபியன் கடலில், குராசோ தீவிலிருந்து ஆன்டிகுவாவுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனியின் யூ-161 நீர்மூழ்கி மேலே வந்து, பீரங்கியால் சுட்டே அதை மூழ்கடித்தது. கண்ணி நடப் பிறந்து, 20 வருடத்துக்கு மேல் கடலில் கழித்த கிழட்டுக் கப்பல், போரைக் கடைசியில் இப்படித்தான் சந்தித்தது. நல்லவேளை, மாலுமிகள் எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள்.

அதே வருடத் தொடக்கத்தில் இன்னொரு கண்ணிக் கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1909இல் கட்டிய ‘ஜெனரல் ராயல் டி. ஃபிராங்க்’ 1942 ஜனவரி 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு இடையே ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவில் மூழ்கியது. அதில் பயணம் செய்த இளம் வீரர்கள் பலர் இறந்தார்கள். கடலில் அவ்வளவு நிதானமாக வேலை செய்யக் கட்டிய கப்பலால் ஓடித் தப்ப முடியாது.

பிலிப்பைன்ஸில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கரையில் சுவிட்ச் இருந்தால் நம் கப்பல்களுக்கு ஆபத்தில்லை என்று மேலே சொன்னேன். அது ஏட்டில் எழுதிய கணக்கு. 1941 டிசம்பர் 17 அதிகாலை, போர் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகாத நிலையில், மணிலாவிலிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு வெளியேறிய ‘கொரெகிடோர்’ என்ற பயணிகள் கப்பல், அமெரிக்கத் தரைப்படை வைத்த கண்ணிக் களத்துக்குள் போய் வெடித்து மூழ்கியது. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கரையில் இருந்தவர்கள் கண்முன்னே நடந்தது இது. அந்தக் கப்பலுக்கும் ஒரு முன்வாழ்க்கை உண்டு: 1916இல் ஜட்லாண்டு கடற்போரில் பிரிட்டனின் கடல் விமானத்தைச் சுமந்த ‘எங்கடைன்’ அதுதான். பெரும் போரில் தப்பி வந்த கப்பல், கால் நூற்றாண்டு கழித்துத் தன் தரப்பே வைத்த கண்ணியில் போய் முடிந்தது.

அந்த மணிலா வளைகுடாவில், அதே பெயருள்ள கொரெகிடோர் தீவை ஒட்டி வேலை செய்த தரைப்படைக் கண்ணிக் கப்பல் ‘கர்னல் ஜார்ஜ் எஃப். இ. ஹாரிசன்’. 1942 மே மாதம், தீவு வீழ்வதற்குச் சற்று முன் அதுவும் மூழ்கியது. ஜப்பானியர்கள் அதைக் கடலிலிருந்து தூக்கி, பழுதுபார்த்து, என்ன வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? கேபிள் போடும் கப்பலாக. எதிரி கையில் கிடைத்தாலும் அந்தக் கப்பலைப் பார்த்ததும் தோன்றிய வேலை அதுவாகத்தான் இருந்தது.

சரி, பாயின்ட் பிளசன்ட்டுக்கு வருவோம். ஒஹையோ ஆறும் கனாவா ஆறும் சேரும் இடம் அது. கடல் எங்கோ இருக்கிறது. ஆற்றுப் படகு கட்டிய மேரியெட்டா நிறுவனத்தின் தளத்தில்தான் 1942-43இல் 16 புதிய கண்ணிக் கப்பல்களைக் கட்டினார்கள். நீளம் 188 அடி, அதாவது சுமார் 57 மீட்டர். நீராவி எஞ்சின், இரட்டை உந்துவிசிறி. கட்டி முடித்ததும் ஒஹையோ ஆற்றில் இறங்கி, மிசிசிப்பியில் சேர்ந்து, தெற்கே கடல் வரை ஆற்றுவழியாகவே போக வேண்டும். எல்லாக் கப்பல்களுக்கும் பீரங்கிப்படை அதிகாரிகளின் பெயர்கள். 1812ஆம் ஆண்டுப் போரில் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டையைக் காத்த ஜார்ஜ் ஆர்மிஸ்டெட் பெயரில் ஒன்று. ஜார்ஜ் வாஷிங்டனின் பீரங்கித் தளபதி ஹென்றி நாக்ஸ் பெயரில் ஒன்று.

இவ்வளவு அவசரமாகக் கட்டிய கப்பல்களுக்கு நினைத்த வேலை நீண்ட நாள் இருக்கவில்லை. 1943இல் நிலைமை மாறிவிட்டது; அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் எதிரிப் போர்க்கப்பல் நுழையும் பயம் குறைந்துகொண்டே வந்தது. கடற்படைக்கோ இதற்கு நேர்மாறான வேலைக்குக் கப்பல் தேவைப்பட்டது. எதிரி வைத்த கண்ணிகளை அகற்றப் போகும் சின்னக் கப்பல்களுக்குக் கூடவே போய், கேபிள், உதிரிபாகம், பழுதுபார்ப்பு என்று தாய்க்கப்பல் போல நிற்க ஒன்று வேண்டும். தரைப்படைக் கண்ணிக் கப்பல்கள் அதற்கு அச்சாகப் பொருந்தின. 1944-45இல் எட்டுக் கப்பல்களைக் கடற்படை வாங்கியது. முதலாவதான ‘சிமோ’ 1944 ஜூனில் நார்மண்டிக் கரையோரம் கண்ணி அகற்றும் கப்பல்களுக்குத் துணையாக நின்றது. பாஸ்டியன், பார்பிகன், பேரிகேட், பிக்கெட், ட்ராப்பர் என்று மற்றவற்றுக்குக் காவலும் தடையும் சார்ந்த பெயர்கள். சில பசிபிக் போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. ஜப்பான் கடற்பகுதியைத் துப்புரவாக்கும் வேலைக்கு உதவின. வெடி நடக் கட்டிய கப்பல்கள், யாரோ நட்டதைப் பிடுங்குவதற்குக் கைகொடுத்தன.

ஜப்பானைச் சுற்றிக் கிடந்த அந்தக் கண்ணிகளில் ஏராளமானவற்றைப் போட்டது கப்பல் இல்லை. 1945இல் பி-29 விமானங்கள் வானிலிருந்து 12,000க்கும் மேற்பட்ட கண்ணிகளை ஜப்பானியத் துறைமுகங்களிலும் நீரிணைகளிலும் விட்டிருந்தன. நங்கூரக் கயிறெல்லாம் அவற்றுக்குத் தேவையில்லை. அடியில் கிடந்தபடியே, மேலே போகும் கப்பலின் காந்தப்புலத்தையோ ஒலியையோ அழுத்த மாற்றத்தையோ உணர்ந்து வெடிக்கும். 57 மீட்டர் நீளக் கப்பல் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு ஒரு தொகுதியை நடுவதற்குள் விமானங்கள் ஓர் இரவில் ஒரு நீரிணையையே அடைத்துவிடும். கரையோரக் கோட்டைகளின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. தரைப்படையின் கடைசிக் காலக் கடலடிக் கண்ணி 3,000 பவுண்டு டிஎன்டி வெடிமருந்து கொண்டது, பிரம்மாண்டமானதுதான். ஆனாலும் வானிலிருந்து வரும் குண்டுக்கு அது பதில் சொல்லாது. 1950இல் கரையோரப் பீரங்கிப்படையையே கலைத்துவிட்டார்கள். துறைமுகக் கண்ணி வேலை கடற்படைக்குப் போனது. சிறு கண்ணிக் கப்பல்கள் அவ்வளவு இளவயதில் அடுத்த வேலைக்குப் போனதற்குக் காரணம் இதுதான். பழசாகி ஓய்ந்த கப்பல்களாக அவை வெளியே வரவில்லை. பிறந்து மூன்று நான்கு வருடத்திலேயே அவற்றின் தொழில் காலாவதியாகிவிட்டது.

1946-47இல் கடலோரக் காவல்படை ஆறு கப்பல்களை எடுத்துக்கொண்டது. ஆர்மிஸ்டெட்டின் பெயர் தாங்கியது பார்பிகன் ஆகி, அப்புறம் ‘ஐவி’ என்ற படர்கொடி ஆனது. நாக்ஸ், பிக்கெட் ஆகி, ‘வில்லோ’ என்ற நீரோர மரமானது. பேரிகேட் ‘மேக்னோலியா’ ஆகி சான் பிரான்சிஸ்கோவில் மிதவை வேலை பார்த்தது. அப்ஸ்ட்ரக்டர், ‘ஹெதர்’ என்ற புதர்ப்பூ. ஜோன்குவில் நாம் முதலில் பார்த்த கப்பல். இவை இருபது வருடத்துக்கு மேல் ஓடின.

மிதவை வேலையைக் கொஞ்சம் விவரித்தால் ஒற்றுமை தெரியும். துறைமுக வாய்க்காலின் இரு பக்கமும் மிதக்கும் வழிகாட்டி மிதவைகள் ஒவ்வொன்றும் சில டன் எடை. அடியில் சங்கிலி, சங்கிலியின் முனையில் கான்கிரீட் பாரம். வருடத்துக்கு ஒரு முறையாவது தூக்க வேண்டும், சங்கிலி தேய்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும், விளக்கைச் சரிசெய்து, துல்லியமாக அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். நூறு அடி தள்ளி வைத்தால், அதை நம்பி வரும் கப்பல் மணல்திட்டில் ஏறிவிடும். நங்கூரம், கயிறு, மிதக்கும் கூடு என்ற அமைப்பு கண்ணிவெடிக்கும் இதுவே. கூட்டுக்குள் வெடிமருந்துக்குப் பதில் விளக்கு. ஒன்று கப்பலை வராதே என்று தடுக்கிறது, மற்றொன்று இந்தப் பக்கமாக வா என்று கூப்பிடுகிறது. நடுகிறவருக்கு இரண்டிலும் ஒரே கைவேலைதான்.

ஆறாவது கப்பலுக்குப் பூப்பெயர் கிடைக்கவில்லை. ட்ராப்பர், ஜார்ஜியா மாநிலத்தின் பழங்குடி ஒன்றின் பெயரைத் தாங்கி ‘யாமக்ரா’ ஆனது. கடலோரக் காவல்படை அதைக் கேபிள் கப்பலாக வைத்துக்கொண்டது. 1959இல் கடற்படை அதைத் திரும்ப வாங்கியது, இந்த முறை கேபிள் பழுதுபார்க்கும் கப்பல் என்ற பதிவோடு. சோவியத் நீர்மூழ்கிகளின் ஓசையைக் கேட்க அமெரிக்கா கடலடியில் செவிக்கருவிகளைப் பரப்பிக்கொண்டிருந்த காலம் அது. கேபிள் தெரிந்த கப்பல்களுக்குத் திடீரென்று மதிப்பு கூடியிருந்தது. 1965 வரை யாமக்ரா அட்லான்டிக்கில் வேலை செய்தது. கண்ணிக்குக் கேபிள் இழுத்த முன்பக்க உருளைகளில் பயின்ற கப்பல் வகை, அதே மாதிரி உருளைகளால் பனிப்போருக்கும் பயன்பட்டிருக்கிறது.

தரைப்படையிடம் மிச்சமிருந்தவற்றில் ஆறு 1950களின் தொடக்கத்தில் கடற்படைக்கு வந்தன. அவற்றை யாரும் ஓட்டவில்லை. சேமக் கப்பல் வரிசையில் கட்டிப்போட்டார்கள். 1955 மே மாதம், கட்டிப்போட்ட நிலையிலேயே அவற்றுக்கு மோனட்நாக், மியான்டனோமா, கேமன்ச் என்று பெயர் சூட்டினார்கள். எல்லாம் 19ஆம் நூற்றாண்டு இரும்புக்கவசப் போர்க்கப்பல்களின் கம்பீரமான பெயர்கள். அந்தப் பெயரோடு அவை ஒரு நாளும் பணிக்குப் போகவில்லை. இந்த வகையிலேயே எனக்கு மிகவும் வருத்தம் தருபவை இவைதான். மிதவை தூக்கிய ஐவியும் ஜோன்குவிலும் உழைத்துத் தேய்ந்தன. இவை பெயரை மட்டும் சுமந்துகொண்டு துரு ஏறின.

பிரிட்டனிலும் கதை அதிகம் வேறுபடவில்லை. அங்கே கரையிலிருந்து கட்டுப்படுத்தும் கண்ணிகள் கடற்படையின் பொறுப்பு. 1938இல் லின்னெட், ரெட்ஸ்டார்ட், ரிங்டவ் என்ற மூன்று 500 டன் கப்பல்களைக் கட்டினார்கள். மூன்றும் சின்னப் பறவைகளின் பெயர்கள். ரெட்ஸ்டார்ட் ஹாங்காங் துறைமுகத்தின் கண்ணிக் களங்களைப் பார்த்துக்கொண்டது. ஜப்பானியர் நகரை நெருக்கிய 1941 டிசம்பர் 19 அன்று, அவர்கள் கையில் சிக்கக் கூடாதென்று சொந்த மாலுமிகளே அதை மூழ்கடித்தார்கள். ரிங்டவ் போருக்குப் பிறகு பாகிஸ்தானுக்குப் போனது. துறைமுகத்துக்குள் வரும் பெரிய கப்பல்களுக்கு வழிகாட்ட ஏறும் பைலட்டுகளின் கப்பலாக அதை வைத்துக்கொண்டார்கள். துறைமுக வாசலில் காத்து நிற்பது அதற்குப் பழகிய வேலைதான்.

இன்னும் சின்னவை ‘மைனர்’ வகை எட்டு. டார்ட்மவுத்தில் கட்டியவை, ஒவ்வொன்றும் 300 டன் அளவு, பத்துக் கண்ணிதான் கொள்ளும். தனிப்பெயர்கூட வைக்காமல் மைனர் 1, மைனர் 2 என்று எண்ணால் அழைத்தார்கள். போருக்குப் பிறகுதான் சிலவற்றுக்குப் பெயரே வந்தது. ஒன்று கேபிள் ஏற்றும் கலமானது, ஒன்று ‘ஸ்டெடி’ என்ற பெயரில் சோதனைகளுக்கு உதவியது, ஒன்று ‘மைண்ட்ஃபுல்’. நிலைத்து நிற்பது, கவனமாக இருப்பது என்று பொருள் தரும் பெயர்கள். இந்தத் தொழிலை அறிந்தவர்கள்தான் அந்தப் பெயர்களைத் தேர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பூப்பெயர் வாங்கிய கண்ணிக் கப்பல் ஒன்று சிங்கப்பூரிலும் இருந்தது. அது ஜப்பானியக் கப்பல். 1941இல் கட்டிய ‘வகாடகா’, கண்ணியும் நீர்மூழ்கித் தடுப்பு வலையும் போடக்கூடியது. இதுவரை சொன்ன துறைமுகக் கண்ணிக் கப்பல்களைவிடப் பெரியது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளைப் பிடித்த படையெடுப்புகளில் பங்கு கொண்டது. கூடப்பிறந்த கப்பல்கள் மூழ்கின; இது மட்டும் அடிபட்டும் தப்பியது. 1947இல் அதைச் சிங்கப்பூரில் பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். அங்கே 1942இல் இழந்த பழைய பயிற்சிக் கப்பலின் பெயரான ‘லேபர்னம்’ என்பதை அதற்கு வைத்து, மலாயா கடற்படைத் தன்னார்வலர்களின் பயிற்சித் தளமாக்கினார்கள். லேபர்னம் சரம்சரமாக மஞ்சள் பூ தொங்கும் ஐரோப்பிய மரம். நம் சரக்கொன்றையை ஆங்கிலேயர் ‘இந்திய லேபர்னம்’ என்றுதான் சொல்வார்கள். ஆக, தென்கிழக்காசியாவைப் பிடிக்க வந்த கப்பலொன்று கொன்றையின் உறவுப்பெயரைத் தாங்கி, அந்த மண்ணின் இளைஞர்களுக்குக் கடல்வேலை சொல்லித்தரும் இடமாகிவிட்டது. 1956இல்தான் அதை உடைத்தார்கள்.

கடல்வேலை என்றதும் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கப்பல்களைவிட நீண்ட மறுவாழ்வு பெற்றவர்கள் அவர்கள்தான். 1918 ஜூலை 9 அன்று அமெரிக்க நாடாளுமன்றம், தரைப்படைக் கண்ணிக் கப்பல் சேவையை முறைப்படி அமைத்தது. அதுவரை இந்தக் கப்பல்களைப் படையில் சேராத சாதாரண மாலுமிகள் ஓட்டினார்கள். போர்க்காலத்தில் அவர்களை நம்பி இருக்க முடியாது. ஆனால் கப்பல் ஓட்டத் தெரிந்தவரைப் படையணி நடத்தும் அதிகாரியாக்கவும் முடியாது. அதனால் கப்பல்தலைவர், துணைத்தலைவர், எஞ்சினியர் ஆகியோரை ‘வாரன்ட் ஆபீசர்’ என்ற தனிப் படிநிலையில் வைத்தார்கள். கைநுட்பத்துக்காகவே தரப்பட்ட பதவி. சட்டைக் கையில் பழுப்புத் துணிப் பட்டைகள், கப்பல்தலைவருக்கு நான்கு. தளத்தில் வேலை செய்பவருக்குப் பழுப்பு நங்கூரம், எஞ்சின் அறைக்காரருக்குப் பழுப்பு உந்துவிசிறி.

அந்தப் பதவி கப்பலோடு நிற்கவில்லை. கண்ணிக் கப்பல்களே இல்லாமல் போன பிறகும், தொழில் தெரிந்தவருக்குத் தனி மரியாதை தரும் ஒரு படிநிலையாக அது தரைப்படை முழுக்கப் பரவியது. வியட்நாமில் பறந்த அமெரிக்கத் தரைப்படை ஹெலிகாப்டர் விமானிகளில் பெரும்பாலோர் வாரன்ட் ஆபீசர்கள். இன்றும் அவர்கள் தங்கள் பிரிவின் பிறந்தநாளை ஜூலை 9இல் கொண்டாடுகிறார்கள். அவர்களுடைய பிரிவின் நிறம் இன்றும் பழுப்பு.